ரன்அவே டிரெயின் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிறையிலிருந்து தப்பிப்பவர்களைப் பற்றிய படங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது 1985இல் வந்த 'ரன்அவே டிரெயின்' என்று எழுதியிருந்தீர்கள். அதை நம்பிப் பார்த்தேன். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் மேனி என்ற அந்தக் கைதியை என்னால் சகிக்கவே முடியவில்லை. தன்னை நம்பிக் கூட வந்த பக் என்ற சின்னப் பையனை அடித்து, சாவின் விளிம்புக்கே துரத்துகிறான். இப்படிப்பட்டவன் தப்பித்தால் என்ன, தப்பிக்காவிட்டால் என்ன? இந்த மாதிரிப் படங்களில் கைதி நிரபராதியாக இருப்பான், இல்லாவிட்டால் உள்ளுக்குள் நல்லவனாகவாவது இருப்பான். இதில் இரண்டும் இல்லை. டைட்டிலில் ஜப்பானிய இயக்குநர் குரோசாவா பெயர் வருகிறதே, அவருக்கும் இந்தப் படத்துக்கும் என்ன சம்பந்தம்? ரயில்வே கட்டுப்பாட்டு அறைக் காட்சிகள் அலுப்பாக இருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
வி.

அன்புள்ள வி.,

முதலில் குரோசாவா. ஓட்டுநர் இல்லாமல் ஓடிய ஒரு ரயிலைப் பற்றி அமெரிக்கப் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு அவர் எழுதிய திரைக்கதை இது. 1966இல் நியூயார்க் மாநிலத்தில் படமாக்க ஏற்பாடு நடந்தது. எடுத்திருந்தால் அவருடைய முதல் வண்ணப்படமாக இருந்திருக்கும். அது நின்றுபோய், கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் கழித்து ரஷ்யரான ஆந்த்ரே கொஞ்சலோவ்ஸ்கி கைக்கு வந்தது. அவர் கதையை அலாஸ்காவின் பனிக்குக் கொண்டுபோனார்.

கட்டுப்பாட்டு அறை விஷயத்தில் பாதி உங்கள் பக்கம்தான். அங்கே எல்லோரும் தேவைக்கு மேல் கத்துகிறார்கள். ஆனால் அந்த அறை இல்லாமல் ரயிலின் நிலைமை நமக்குப் புரியாது. என்ஜின் டிரைவருக்கு மாரடைப்பு. பிரேக்கைப் போட்டவர் த்ராட்டிலை (என்ஜினின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) குறைக்காமலே வண்டியிலிருந்து விழுந்துவிடுகிறார். நான்கு என்ஜின்களின் இழுவைக்கு முன்னால் பிரேக் கட்டைகள் எரிந்து தேய்ந்துபோகின்றன. இனி நிறுத்த ஒரே வழி, முன் என்ஜினுக்குப் போய் அதை அணைப்பது. இரண்டாவது என்ஜினோ வெளிப்பக்கம் நடந்துபோக வழி இல்லாத பழைய மாடல். அதைத் தாண்டி முன்னால் போவது கிட்டத்தட்டத் தற்கொலை. இந்த இயந்திரக் கணக்கு மனதில் பதிந்தால்தான் மேனி பக்கிடம் கேட்பது எவ்வளவு கொடூரம் என்று உறைக்கும்.

சரி, மேனிக்கு வருவோம். அவனைச் சகிக்க முடியவில்லை என்கிறீர்கள். படமும் அவனைச் சகித்துக்கொள்ளச் சொல்லவில்லை. சிறை அதிகாரி ரான்கன் மூன்று ஆண்டுகள் அவன் அறைக்கதவைப் பற்றவைத்தே (வெல்டிங் செய்தே) மூடியிருந்தார். நீதிமன்ற உத்தரவால் வெளியே வருகிறான். மற்ற கைதிகளுக்கு அவன் ஹீரோ. பக்குக்கு இன்னும் மேலே, கிட்டத்தட்டக் கடவுள். நாமும் பக்கோடு சேர்ந்து அவனை வியந்து பார்க்கிறோம். சாக்கடைக் குழாய் வழியாக அவர்கள் தப்பிக்கும்வரை அந்த வியப்பு செல்லுபடியாகிறது.

அப்புறம் அவர்கள் ஏறிக்கொண்ட ரயிலுக்குள் அந்தப் பேச்சு வருகிறது. நீங்கள் அதைப் பற்றி எதுவுமே எழுதாததுதான் எனக்கு ஆச்சரியம். வெளியே போனதும் பெரிய கொள்ளை அடிக்கப்போகிறேன், ஜாலியாக இருக்கப்போகிறேன் என்று பக் அளந்துகொண்டிருக்கிறான். மேனி அவனை மடக்குகிறான். நீ செய்யப்போவது என்ன தெரியுமா? பாத்திரம் கழுவுவது, கக்கூஸ் கழுவுவது மாதிரி ஒரு வேலை. அந்த வேலையைத் தங்கம்போலப் பிடித்துக்கொள்வாய். சாயங்காலம் முதலாளி வந்து பார்ப்பான். நீ அவன் கண்ணைப் பார்க்கமாட்டாய், தரையைப் பார்ப்பாய். ஏனென்றால் நிமிர்ந்தால் அவன் மேல் பாய்ந்துவிடுவாய். அவன் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, அதோ அங்கே ஒரு கறையை விட்டுவிட்டாயே என்பான். நீ எல்லாவற்றையும் உள்ளே விழுங்கிக்கொண்டு, அந்தக் கறை பளபளக்கும்வரை தேய்ப்பாய். வெள்ளிக்கிழமை சம்பளம் வாங்குவாய். இதைச் செய்ய முடிந்தவனுக்கு இந்த உலகத்தில் எதுவும் முடியும்.

அதற்குச் சிறையே மேல் என்கிறான் பக். உன்னால் அப்படி இருக்க முடியுமா என்று மேனியிடம் திருப்பிக் கேட்கிறான். முடிந்தால் நன்றாயிருக்கும் என்பதுதான் மேனியின் பதில். மேனியாக நடித்த ஜான் வாய்ட் அதைச் சொல்லும்போது அதுவரை இருந்த வீறாப்பு அத்தனையும் முகத்திலிருந்து இறங்கிவிடுகிறது.

இந்தப் படத்தை நான் தலைமேல் வைத்துக் கொண்டாடுவது இந்த இடத்துக்காக. தப்பிக்கும் கதைகளில் பெரும்பாலும் மதில்தான் பிரச்சினை, தாண்டினால் விடுதலை. மதிலுக்கு வெளியே இருப்பது என்ன என்று மேனிக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கறையைத் தேய்க்கிற பொறுமைதான் அது. அது தன்னிடம் இல்லை என்பதும் தெரியும். திரைக்கதையில் பங்கெடுத்த எட்வர்ட் பங்கர் 17 வயதிலேயே சான் க்வென்டின் சிறைக்குப் போனவர். விடுதலையான கைதிக்கு அப்படியொரு வேலை எவ்வளவு பெரிய மலை என்று வெளியிலிருந்து எழுதுகிற ஒருவருக்குத் தோன்றியிருக்குமா என்பது சந்தேகமே. (குத்துச்சண்டைக் காட்சியில் பக்கோடு மோதுகிறவர் பின்னாளில் நடிகராகப் பெயர்பெற்ற டேனி ட்ரெஹோ. போதைப் பழக்கத்தோடு போராடிய ஒருவருக்குத் துணையாகப் படப்பிடிப்புக்கு வந்தவரை, சிறையில் பழகிய பங்கர் அடையாளம் கண்டு உள்ளே இழுத்துவிட்டார்.)

இப்போது அந்த அடிதடிக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். முன் என்ஜினுக்குப் போக முடியாமல் உறைபனியில் திரும்பி வரும் பக்கை மேனி உள்ளே விடாமல் உதைக்கிறான். ரயிலில் மாட்டிக்கொண்ட ரயில்வே ஊழியர் சாரா அவனை மிருகம் என்கிறாள். அதைவிட மோசம், மனிதன் என்று அவன் கத்துகிறான். மேனி வேறொருவனாக மாறிவிடவில்லை. பக் வியந்த அதே முரட்டுத்தனம்தான், இப்போது அது பக்கின் மேலேயே விழுகிறது. உங்களுக்கு வந்த அருவருப்பு சரியான அருவருப்பு. அது வராதவர்கள்தான் படத்தைத் தவறவிட்டவர்கள் என்று சொல்வேன்.

தப்பித்தால் என்ன, தப்பிக்காவிட்டால் என்ன என்ற உங்கள் கேள்விக்கு மேனியே கடைசியில் பதில் சொல்கிறான். முன் என்ஜினுக்குப் போய்ச் சேர்கிறான். துரத்திக்கொண்டு அங்கே வந்துவிட்ட ரான்கனை அங்கேயே விலங்கிட்டுவிட்டு, பின்னால் இருக்கும் என்ஜின்களைக் கழற்றி விடுகிறான். பக்கும் சாராவும் பிழைத்துக்கொள்வார்கள். தன் என்ஜினை அவன் அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி கதவு பற்றவைத்த அறை, அல்லது வெளியே அந்தக் கறை. இரண்டுமே அவனால் ஆகாது. இதைத் தியாகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவனுடைய பிடிவாதம் அதில் அவ்வளவு கலந்திருக்கிறது. ஆனாலும் இரண்டு உயிர்களை அவன் காப்பாற்றியது உண்மை. என்ஜினை அணை என்று பின்னாலிருந்து அவனைப் பார்த்துக் கதறுகிறவர்கள், அவனிடம் உதை வாங்கிய பக்கும் அவனை மிருகம் என்று திட்டிய சாராவும்தான். அவன் பிழைப்பதும் பிழைக்காததும் ஒன்றுதான் என்று அவர்களுக்கே தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.