கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் மக்களுக்கும் சிறு தொழில்களுக்கும் கிடைத்த உதவிகளில் உண்மையில் கைகொடுத்தவை எவை?

இப்படியொரு நோய் மீண்டும் பரவினால் அரசும் அக்கம்பக்கத்தாரும் எதற்கு முதலிடம் தரவேண்டும் என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். அறிவிக்கப்பட்ட தொகை எவ்வளவு பெரியது என்பதைக் காட்டிலும், அது எத்தனை நாளில், எந்தப் பயனாளிப் பட்டியலின் வழியாகப் போய்ச் சேர்ந்தது என்பதே பெரும்பாலான குடும்பங்களின் நிலையைத் தீர்மானித்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2020-இல் ஊரடங்கு அறிவிக்கப்பட்டதும், உதவி கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகளைப் பதிவுசெய்யும் பணியை ஒரு தன்னார்வக் குழுவில் ஏற்றுக்கொண்டேன். பெயர், எண், தேவை, எப்போதைக்குள், யார் பொறுப்பு என்று எங்கள் பதிவேட்டில் ஐந்து கட்டங்கள் இருந்தன. தொடக்கத்தில் ‘தேவை’ என்ற கட்டத்தில் சர்க்கரை நோய் மாத்திரை, மளிகை, மருத்துவமனைக்குப் போக வண்டி என்று எழுதிக்கொண்டிருந்தோம். சில வாரங்கள் கழிந்தபின் அதே கட்டத்தில் ‘விண்ணப்பம்’ என்ற சொல்லே திரும்பத் திரும்ப வந்தது. நிவாரணத் தொகை அறிவிக்கப்பட்டுவிட்டது, தகுதியும் இருக்கிறது, ஆனால் ஓடிபி எப்போதோ கைவிட்ட பழைய கைபேசி எண்ணுக்குப் போகிறது. அல்லது நெடுநாள் பயன்படுத்தாத வங்கிக் கணக்கு முடங்கிக் கிடக்கிறது. அல்லது அட்டையில் ஒரு முகவரியும் குடியிருப்பது வேறு முகவரியுமாக இருக்கிறது. பசியோடு இருப்பவருக்கும் அவருக்கென்று ஒதுக்கப்பட்ட பணத்துக்கும் நடுவே நின்றவை பெரும்பாலும் இத்தகைய சிறு தடைகள்தாம்.

ஆகவே, முன்கூட்டியே நல்ல பட்டியலை வைத்திருந்த அரசுகளால் விரைந்து செயல்பட முடிந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ செல்வம் மிகுந்த நாடு அன்று. ஆயினும் 2020 ஏப்ரலில் அது தொடங்கிய ‘நோவிசி’ திட்டத்தில், முறைசாராத் தொழில் செய்வோர் சாதாரணக் கைபேசியிலேயே ஒரு குறுங்குறியீட்டை அழுத்தி விண்ணப்பிக்கலாம். வாக்காளர் அடையாள அட்டையின் விவரங்களைக் கொண்டு தகுதி சரிபார்க்கப்பட்டு, பணம் கைபேசிப் பணக்கணக்கில் உடனுக்குடன் சேர்ந்துவிடும். மாதம் பெண்களுக்கு அந்நாட்டு நாணயமான சிஎஃப்ஏ ஃபிராங்கில் 12,250, ஆண்களுக்கு 10,500 என்று பெண்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே நிர்ணயித்தார்கள். பணக்கார நாடான பிரிட்டனிலோ, சுயதொழில் செய்வோருக்கான மானியம் பழைய வருமான வரிக் கணக்குகளை அடிப்படையாகக் கொண்டிருந்ததால், 2019 ஏப்ரலுக்குப் பின் தொழில் தொடங்கியவர்கள் முதல் சுற்றுகளில் முற்றிலும் விடுபட்டுப்போனார்கள். இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் ஆளுக்கு 5 கிலோ தானியம் இலவசமாக வழங்கும் திட்டம் ஏறத்தாழ 80 கோடிப் பேரைக் குறிவைத்தது. குடும்ப அட்டைப் பட்டியல் ஏற்கெனவே இருந்ததால்தான் அவ்வளவு பெரிய விநியோகம் இயன்றது. ஆனால் அட்டை ஓர் ஊரிலும் பிழைப்பு வேறு மாநிலத்திலுமாக இருந்த தொழிலாளர்களுக்கு, மிகவும் தேவைப்பட்ட முதல் மாதங்களில் அந்தப் பட்டியல் பயன்படவில்லை. பட்டியல் என்பது எப்போதும் நேற்றைய நிலையைக் காட்டுவது. பெருந்தொற்றோ ஒரே வாரத்தில் புதிய ஏழைகளை உண்டாக்குவது. இந்த இடைவெளியைப் பற்றித்தான் கொள்கை வகுப்போர் அதிகம் கவலைப்பட வேண்டும்.

தொழில்களுக்கான உதவியில் நேர்ந்த பெருங்குழப்பம், கடனையும் மானியத்தையும் ஒன்றாகக் கருதியது. இரண்டு பணியாளர்களை வைத்து நடக்கும் சிறிய தையலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கதவு அடைபட்ட நாளிலிருந்து வரவு சுழியம். வாடகையும் மின் இணைப்புக்கான நிலைக்கட்டணமும் தையல் இயந்திரத்துக்கு வாங்கிய கடனின் தவணையும் நிற்பதில்லை. இந்த நிலையில் உரிமையாளருக்குப் புதுக்கடன் கொடுத்தால், சம்பாதிக்க வாய்ப்பே இல்லாத மாதங்களின் செலவை அவர் இனி சம்பாதிக்கப்போகும் மாதங்களின் மீது ஏற்றுகிறோம். தவணை ஒத்திவைப்பும் அப்படியே. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை இந்திய ரிசர்வ் வங்கி அனுமதித்த ஒத்திவைப்பு மூச்சுவிட நேரம் தந்தது உண்மை. ஆனால் அந்த மாதங்களுக்கும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்ற பிறகே, 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு வட்டிக்கு வட்டியாகச் சேர்ந்த தொகையை அரசு ஏற்றுக்கொண்டது.

கடனே கூடாது என்று நான் சொல்லவில்லை. அடைத்திருக்கும்போது மானியம், திறக்கும்போது கடன் என்பதே சரியான வரிசை என்று கருதுகிறேன். தெருவோர வியாபாரிகளுக்கு 2020 ஜூனில் தொடங்கப்பட்ட பிரதமர் ஸ்வநிதி திட்டத்தின் முதல் கடன் அப்போது 10,000 ரூபாயாகத்தான் இருந்தது. சரக்கு வாங்கித் தள்ளுவண்டியை மீண்டும் உருட்டுவதற்கு அத்தகைய சிறுகடன் பொருத்தமானது. அமெரிக்காவில் ஊதியத்துக்குச் செலவிட்டால் தள்ளுபடியாகும் கடன் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். யோசனை நல்லதுதான், ஆனால் வங்கிகளின் வழியே வழங்கியதால், வங்கியோடு ஏற்கெனவே நெருக்கம் உள்ள நிறுவனங்களே வரிசையில் முந்திக்கொண்டன. முதலில் ஒதுக்கிய 34,900 கோடி டாலரும் இரண்டு வாரத்துக்குள் தீர்ந்துபோனது.

எனக்கு மிகவும் அறிவார்ந்ததாகத் தோன்றுவது ஜெர்மனியின் குறுவேலை நேர முறையாகும். வேலை குறைந்தாலும் ஆட்களை நீக்காமல் வேலைநேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். இழந்த நிகர ஊதியத்தில் 60 விழுக்காடும், பிள்ளைகள் உள்ளவர்களுக்கு 67 விழுக்காடும் வேலைவாய்ப்பு முகமை ஈடுசெய்தது, நாளாக ஆக இந்த விகிதம் உயர்த்தவும்பட்டது. இது அவசரத்தில் உருவாக்கப்பட்டதன்று. 2008-09 நெருக்கடியிலும் பயன்பட்ட ஏற்பாடு. அதனால்தான் 2020 ஏப்ரலில் ஏறத்தாழ 60 லட்சம் பேரைத் தாங்கும் அளவுக்கு அதை விரிக்க முடிந்தது. தேர்ந்த பணியாளரை இழந்த தையலகம் மறுபடி திறந்தாலும் பழைய தரத்தை எட்ட நெடுங்காலம் ஆகும் என்பதை நினைத்தால், பணியாளருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான பிணைப்பைக் காப்பது உரிமையாளருக்கும் எத்தனை பெரிய உதவி என்பது விளங்கும்.

விரைவாகக் கொடுத்தால் முறைகேடு நடக்கும் என்ற ஆட்சேபம் நியாயமானது, நடக்கவும் செய்தது. அதற்கு மாற்று, கொடுப்பதைத் தாமதப்படுத்துவதாக இருக்க முடியாது. முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு தணிக்கை செய்யலாம், பெற்றவர்களின் பெயரை வெளிப்படையாக வைக்கலாம். 2020 டிசம்பர் முதலான காலத்துக்கு ஊதிய உதவி கோரிய நிறுவனங்களின் பெயர்களை பிரிட்டன் பொதுவில் வெளியிட்டது. தன் பெயரில் முதலாளி பணம் வாங்கியிருக்கிறாரா என்று ஒரு தொழிலாளி ஐயப்படுவதற்கு அதுவே போதுமான பிடி.

நோயாளிக்கான உதவியைத் தனியாகச் சொல்லவேண்டும். தொற்று உறுதியானால் வீட்டில் தனித்திருங்கள் என்று சொல்வது எளிது. சம்பளத்துடன் விடுப்பு இல்லாத தினக்கூலிக்கு அந்தப் பரிசோதனை முடிவு வருமான இழப்பு அறிவிப்பாகவே தெரியும். எங்களை அழைத்தவர்களிலும் பரிசோதனைக்கே தயங்கியவர்கள் இருந்தார்கள், அவர்களை நான் குறைகூற மாட்டேன். தனித்திருக்கும் நாள்களுக்கான ஊதியத்தை நோய்த்தடுப்புச் செலவாகவே கணக்கிட வேண்டும்.

சமூகத்தின் பங்குக்கு வருகிறேன். மாதக்கணக்கில் ஒரு குடும்பத்தின் வருமானத்தை ஈடுசெய்ய எந்தத் தன்னார்வக் குழுவாலும் இயலாது. அந்தச் சுமையை அதன் தலையில் வைப்பதும் தவறு. அதனால் இயன்றது, பட்டியலில் இல்லாதவர் யார் என்று அறிவதும், அரசின் வாசல்வரை அவரைக் கொண்டுசேர்ப்பதும்தான். கேரளத்தில் 2020 மார்ச் இறுதியில் உள்ளாட்சி அமைப்புகளும் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களும் சேர்ந்து சமூகச் சமையற்கூடங்களைத் திறந்தது இதற்கு நல்ல சான்று. நிதியும் அதிகாரமும் உள்ளாட்சியிடம் இருந்தன. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்ற அறிவு அந்தப் பெண்களிடம் இருந்தது.

எங்கள் குழுவில் வேலை உண்மையில் நகரத் தொடங்கியது, உள்ளூர் நிர்வாகத்தின் அலுவலர் ஒருவர், நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களை நேரடியாகப் பேசித் தீர்ப்பதற்குத் தம் எண்ணைக் கொடுத்த பிறகுதான். எனவே நோய் இல்லாத இந்தக் காலத்திலேயே ஒவ்வொரு உள்ளாட்சியும் இரண்டு வேலைகளைச் செய்துவைக்கலாம்: பயனாளிகளின் கைபேசி எண்ணையும் வங்கிக் கணக்கையும் ஆண்டுதோறும் சரிபார்ப்பது ஒன்று, பட்டியலில் விடுபட்டவருக்காகத் தன்னார்வலர் பேசினால் அன்றைக்கே தற்காலிகமாகச் சேர்க்கும் அதிகாரத்தைப் பெயர் குறிப்பிட்ட ஓர் அலுவலரிடம் எழுத்து வடிவில் ஒப்படைப்பது மற்றொன்று.