பிரச்சினை தீரவில்லை, மனம் மட்டும் எப்படி லேசாகிறது?

கேள்வி: மனக்கஷ்டம் என்று கணவரிடம் பேச ஆரம்பித்தால், பாதியிலேயே "நீ இப்படிச் செய்திருக்கணும்" என்று யோசனை சொல்லிவிடுவார். மனசு இன்னும் கனத்துவிடும். அக்காவோ சும்மா கேட்டுக்கொண்டிருப்பாள். ஆனால் அன்று நன்றாகத் தூங்குகிறேன். இது பிரமையா டாக்டர்?

பதில்: பிரமை இல்லை அம்மா. உங்கள் அக்கா சும்மாவும் இல்லை. கனடாவில் ஜேனட் பவேலஸ் என்ற உளவியலாளரின் குழு 2000-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒருவர் தான் மயிரிழையில் தப்பிய சம்பவத்தைச் சொல்ல வேண்டும். கேட்பவரிடமோ, அவர் பேச்சில் ஒரு குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களை எண்ணச் சொல்லிவிட்டார்கள். ஆள் எதிரே இருக்கிறார், கவனம் இல்லை. விளைவு? சொன்னவர்கள் முக்கியமான கட்டத்தில் தடுமாறினார்கள். முடித்ததையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அக்காவின் "ஐயோ", "அப்புறம்?" எல்லாம் உங்களுக்கு நடந்ததை நீங்களே கோர்வையாகப் பார்க்க உதவுகின்றன.

கோபம் என்று பேச ஆரம்பிப்பீர்கள். பாதி வழியில் அது கோபமில்லை, அவமானம் என்று தெரியவரும். உணர்ச்சிக்குச் சரியான பெயர் வைக்கும்போது, மூளையில் பயத்தோடும் பதற்றத்தோடும் தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியின் வேகம் குறைவதை 2007-இல் வெளியான மூளை ஸ்கேன் ஆய்வு ஒன்று காட்டியது. பாதியில் யோசனை வந்து விழுந்தால் நீங்கள் அந்தப் பெயர் வரை போய்ச் சேருவதே இல்லை.

கணவர்மேல் வருத்தப்படாதீர்கள். நீங்கள் கஷ்டப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் பலர் அவசரமாகத் தீர்வு தேடுகிறார்கள். எங்கள் தொழிலிலேயே, நோயாளி பேச ஆரம்பித்த சராசரி 18 நொடியில் மருத்துவர் குறுக்கிடுவதாக 1984-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. எனவே முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்: "யோசனை அப்புறம் சொல்லுங்க, இப்போ பத்து நிமிஷம் கேட்டா போதும்." போனைக் கீழே வைத்துவிட்டு அவர் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டாலே பாதி பாரம் இறங்கும்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. அதே வருத்தத்தை அக்காவும் நீங்களும் தினமும் கிளறிக்கொண்டிருந்தால் மனச்சோர்வு கூடவும் வாய்ப்புண்டு. பேசிய பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒருநாள்கூடக் காத்திருக்க வேண்டாம். உடனே அக்காவிடம் சொல்லி, அவரையும் அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.