திரை அச்சுப் (ஸ்கிரீன் பிரிண்ட்) படத்தின் ஓரத்தில் 45/150 என்று எழுதியிருப்பது ஏன்?

அந்தப் பதிப்பில் மொத்தம் 150 படிகள். கையில் இருப்பது 45ஆம் எண் படி. அவ்வளவுதான்.

ஜவுளிக்கடை மஞ்சள் பையில் பெயர் அச்சிடுவார்களே, அதே முறை: சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி வழியாக மையை ரப்பர் பட்டையால் தள்ளுவார்கள், பெரும்பாலும் நிறத்துக்கு ஒரு திரை. அதே திரையில் இன்னும் நூற்றுக்கணக்கில் எடுக்கலாம். எடுக்க மாட்டேன் என்று ஓவியர் தரும் வாக்குக்குத்தான் விலை.

பிரிட்டனின் தெரு ஓவியர் பேங்க்ஸியின் ‘பலூனுடன் சிறுமி’ கையொப்பத்துடன் 150, கையொப்பமின்றி 600 என வெளியானது. கையொப்பமிட்டதற்கு விலை மிக அதிகம். விவரமறிந்தவர்கள் முதலில் கேட்பது அசல்தான் என்று பெஸ்ட் கன்ட்ரோல் தரும் சான்றிதழை. பெயரைப் பார்த்துப் பூச்சிமருந்துக் கம்பெனி என்று நினைக்க வேண்டாம். அது பேங்க்ஸி தரப்பு அமைப்பு.

சிறிய எண் என்றால் முதலில் அச்சானது என்பது தவறான எண்ணம்: படிகள் காயும்போதே வரிசை கலைந்துவிடும், எண்ணைப் பெரும்பாலும் கையொப்பமிடும்போதுதான் எழுதுகிறார்கள்.