அட்டவணையில் குறியீட்டுக்குப் பதில் நிலையப் பெயர் வர

வணக்கம். தொண்டூழியர் பட்டியலில் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் நிலையத்தின் பெயர் வராமல் 'என்இ7', 'டிடி12' என்றே வருகிறது, டேட்டாபேஸிலேயே பெயரைப் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். குறியீடு அங்கேயே இருக்கட்டும். காட்டும்போது மட்டும் பெயராக்குங்கள்.

நிலையங்களுக்குத் தனி டேபிள் வைத்து, தொண்டூழியர் டேபிளை இடப்பக்கம் வைத்து லெஃப்ட் ஜாயின் செய்யுங்கள், அதாவது தொண்டூழியர் வரிகள் எல்லாமே வரும், பொருந்தும் நிலையப் பெயர் கூடச் சேரும். இரண்டு டேபிளிலும் பொருந்தும் வரிகளை மட்டும் தரும் இன்னர் ஜாயின் போட்டால் நிலையத்தை நிரப்பாதவர்களின் வரிகள் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். ஆள் விடுபட்டதே தெரியாது, அதுதான் ஆபத்து. லூப்புக்குள் ஒவ்வொரு வரிக்கும் டேட்டாபேஸுக்குத் தனி குவெரி (தகவல் கேட்கும் கட்டளை) அனுப்புவதையும் விட்டுவிடுங்கள். 300 பேர் என்றால் 300 குவெரி, பக்கம் மெதுவாகத்தான் திறக்கும்.

அப்புறம் வரிசைப்படுத்தல். குறியீட்டை எழுத்தாக வரிசைப்படுத்தினால் 'என்இ10' பொத்தோங் பாசிர், 'என்இ7'க்கு முன்னால் வந்து நிற்கும். பெயரை வைத்தே வரிசைப்படுத்துங்கள். நீங்கள் சொன்ன 'என்இ7', 'டிடி12' இரண்டுமே லிட்டில் இந்தியா நிலையம்தான், இரண்டு ரயில் பாதைகள் அங்கே சந்திக்கின்றன. அதனால் ஃபில்டரில் அந்தப் பெயர் ஒருமுறை மட்டும் வரட்டும், தேர்ந்தெடுத்தால் இரண்டு குறியீட்டுக்காரர்களும் கிடைக்க வேண்டும்.

திருத்தும் படிவத்தின் டிராப்டவுனில் கண்ணுக்குத் தெரிவது பெயர், சர்வருக்குப் போவது குறியீடு.