‘நோட்டீஸை முடித்துத் தருகிறேன்’ என்று பணம் கேட்டால் என்ன செய்வது?

கேள்வி: தமிழ்நாட்டில் ஹார்டுவேர் கடை நடத்துகிறேன். 2023-24ஆம் ஆண்டு உள்ளீட்டு வரி வரவில் (கொள்முதலில் கட்டிய வரிக்காகக் கழித்துக்கொள்ளும் தொகை) 1,84,000 ரூபாய் வேறுபாடு இருப்பதாக மாநில ஜிஎஸ்டி அலுவலகத்திலிருந்து ஏ.எஸ்.எம்.டி-10 நோட்டீஸ் வந்திருக்கிறது. 40,000 ரூபாய் கொடுத்தால் அதிகாரி கோப்பை முடித்துவிடுவார் என்கிறார் என் கணக்கர். கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கொடுத்தாலும் அந்த வேறுபாடு போகாது. வரவை எடுத்து நீங்கள் தாக்கல் செய்த 3பி ரிட்டர்னும், சப்ளையர்கள் பதிவேற்றிய பில்களைக் காட்டும் 2பி பட்டியலும் ஜிஎஸ்டி போர்ட்டலில் அப்படியே இருக்கும். நாளை தணிக்கைக்கு வருபவர் அதே எண்களைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்பார். அப்போது 40,000 ரூபாய்க்கு உங்களிடம் ரசீது இருக்காது.

ஏ.எஸ்.எம்.டி-10 வரி விதிக்கும் ஆணை அல்ல. விளக்கம் கேட்கும் நோட்டீஸ். அதில் குறிப்பிட்ட கெடுவுக்குள், அதிகபட்சம் 30 நாளில், போர்ட்டலிலேயே ஏ.எஸ்.எம்.டி-11 படிவத்தில் பதில் தரலாம். விளக்கம் ஏற்கப்பட்டால், அதைத் தெரிவிக்கும் ஏ.எஸ்.எம்.டி-12 வரும். ‘அதிகாரி ஜிஎஸ்டி சட்டத்தின் 74ஆம் பிரிவு போட்டுவிடுவார்’ என்று மிரட்டுவார்கள். மோசடி செய்தோ உண்மையை மறைத்தோ வரி ஏய்த்தீர்கள் என்று அதிகாரி காரணம் காட்டினால்தான் அந்தப் பிரிவு நிற்கும். அதன்பின் ஆணையே பாதகமாக வந்தாலும் மூன்று மாதத்துக்குள், சர்ச்சைக்குரிய வரியில் 10 சதவீதம் கட்டி மேல்முறையீடு செய்யலாம்.

முதலில் 1,84,000 ரூபாயைப் பில் வாரியாகப் பிரியுங்கள். ஒரே பில் இரண்டு முறை ஏறியிருக்கலாம். சப்ளையர் தாமதமாகப் பதிவேற்றி, அது அடுத்த மாதப் பட்டியலில் வந்திருக்கலாம். சப்ளையர் பதிவேற்றவே இல்லை என்றால் உங்கள் பக்கம் வலுவில்லை: 2022 ஜனவரி 1 முதல் 2பி-யில் வராத வரவை எடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. அந்தத் தொகையை மட்டும் 18 சதவீத வட்டியோடு, தாமாக வரி கட்டுவதற்கான டி.ஆர்.சி-03 படிவம் மூலம் கட்டிவிட்டு, மீதிக்கு பில், வங்கிக் கணக்கு விவரம், இ-வே பில் ஆகியவற்றை இணைத்துப் பதில் போடுங்கள். கட்ட வேண்டியது இதுவரைதான் என்று தெரிந்துவிட்டால் பேரத்துக்குப் பயப்பட மாட்டீர்கள்.

இன்னொரு பக்கம், லஞ்சம் கேட்டது தனிக் குற்றம். அதிகாரி பெயரைச் சொல்லி இடைத்தரகரே பணம் பார்ப்பதும் உண்டு. அதிகாரியை ஊழல் தடுப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவும், தரகரை 7ஏ பிரிவும் பிடிக்கும். 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவரும் குற்றவாளி. ஏழு ஆண்டு வரை சிறை. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் மட்டுமே தப்பலாம். ஆகவே கொடுப்பதற்கு முன்பே புகார் செய்யுங்கள். மாநில அதிகாரி என்றால் லஞ்ச ஒழிப்புத் துறை; மத்திய ஜிஎஸ்டி அதிகாரி என்றால் சிபிஐ.

எழுத்தில் புகார் தந்தபின், லஞ்சம் வாங்குபவரைக் கையும் களவுமாகப் பிடிக்க, நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு, அவற்றில் பினாப்தலீன் என்ற ரசாயனப் பொடி தடவித் தருவார்கள். சாட்சிகளாக வேறு துறை அரசு ஊழியர்கள் உடன் வருவார்கள். பணம் கொடுக்கும் இடத்தில் நீங்களாகப் பணத்தை நீட்டாதீர்கள், கை குலுக்காதீர்கள். அவர் வாயால் கேட்ட பிறகே கொடுங்கள். வாங்கிய கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் நீர் இளஞ்சிவப்பாகும். ஆனால் நிறம் மாறியது மட்டும் போதாது. கேட்டதும் நிரூபிக்கப்பட வேண்டும் என்பதை உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2022 டிசம்பரில் உறுதிப்படுத்தியிருக்கிறது. அதனால் கணக்கர் அனுப்பிய குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். பேசிய தேதி, நேரம், தொகையை உடனுக்குடன் எழுதி வையுங்கள்.

புகார் கொடுத்ததால் நோட்டீஸ் ரத்தாகாது. வேறு அதிகாரி அதைத் தொடர்வார், பதிலுக்கான கெடுவும் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இதைவிட அவசரமான வேலை ஒன்று: உங்கள் ஜிஎஸ்டி பதிவில் யாருடைய கைபேசி எண், மின்னஞ்சல் இருக்கின்றன என்று பாருங்கள். பல சிறு வணிகர்களுக்கு அது கணக்கருடையதாகவே இருக்கிறது. நோட்டீஸ் வந்த தகவலும் ஓடிபியும் அவருக்குத்தான் போகும். அதை உங்கள் எண்ணுக்கு மாற்றி, பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டு, பிறகு பதிலை எழுத உட்காருங்கள்.