அழுதுக்கிட்டே சந்தோஷமா இருக்க முடியுமா அக்கா?

கேள்வி: ஸ்தோத்திரம் அக்கா. எங்க வீட்டுக்காரர் தவறி 14 மாசம் ஆகுது. கோயிலுக்குப் போறேன், ஜெபிக்கிறேன், வேதம் வாசிக்கிறேன், எதையும் விடல. ஆனா பாட்டு ஆரம்பிச்சாலே தொண்டை அடைச்சிடுது. பெண்கள் சங்கத்துல ஒருத்தங்க, "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்னு வேதம் சொல்லுது, நீ இன்னும் அழுதுக்கிட்டு இருந்தா அது அவிசுவாசம்"னு சொல்லிட்டாங்க. அன்னைல இருந்து கோயில்ல சிரிச்ச முகமா இருந்துட்டு வீட்டுக்கு வந்து கதவ சாத்திக்கிட்டு அழறேன். எனக்கு விசுவாசம் இல்லையாக்கா?
வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: இல்லம்மா, அப்படி இல்லவே இல்ல. அந்த வசனம் பிலிப்பியர் 4:4. அத எழுதின பவுல் அப்ப சிறைக்காவல்ல இருக்காரு. மொத்தமே 4 அதிகாரம் உள்ள சின்ன நிருபம்தான், ஒரு கடிதம் மாதிரி, இன்னைக்கு ராத்திரி உக்காந்து முழுசா வாசிச்சுப் பாரு. 2-ம் அதிகாரத்துல தன்கூட ஊழியம் செஞ்ச எப்பாப்பிரோதீத்து சாகப்பிழைக்க கிடந்தத சொல்லிட்டு, அவன் போயிருந்தா எனக்கு "துக்கத்தின்மேல் துக்கம்" வந்திருக்கும்னு எழுதுறாரு. 3-ம் அதிகாரத்துல "கண்ணீரோடும் சொல்லுகிறேன்"னு எழுதுறாரு. அடுத்த அதிகாரத்துலதான் சந்தோஷமாயிருங்கன்னு வருது. அப்போ அழுத அதே மனுஷன்தானே அதையும் சொல்றாரு, கண்ணு காய்ஞ்சதுக்கப்புறம்தான் சந்தோஷம்னு அவர் எங்கயும் சொல்லலையே. தன் சிநேகிதன் லாசரு கல்லறைகிட்ட இயேசுவே கண்ணீர் விட்டாரு, இன்னும் கொஞ்ச நேரத்துல அவன எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும் விட்டாரு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது யோவான் 16:22, இயேசு சொன்னது. "நான் மறுபடியும் உங்களைக் காண்பேன், அப்பொழுது உங்கள் இருதயம் சந்தோஷப்படும்"னு சொல்லிட்டுத்தான் அந்த சந்தோஷத்த ஒருத்தரும் உங்ககிட்ட இருந்து எடுக்க முடியாதுன்னு சொல்றாரு. துக்கத்துல இருந்த சீஷர்கள்ட்ட, அவர் சாகறதுக்கு முந்தின ராத்திரி சொன்னது இது. நல்லா கவனி, நீங்க தைரியமா இருந்தா சந்தோஷம் வரும்னு சொல்லல, நான் உங்களைக் காண்பேன்னு சொல்றாரு. நம்ம சந்தோஷம் நிக்கிறது அவர் வர்றதுலதான், நம்ம முகம் எப்படி இருக்குங்கிறதுல இல்ல. அதனாலதான் அது நிலைச்சு நிக்கும்னு நான் நம்புறேன், ஏன்னா நம்ம மனசு காலைல ஒரு மாதிரி சாயங்காலம் ஒரு மாதிரி, அத நம்பி ஒரு குடிசை கூட கட்ட முடியாது.

டோனாவூர் உங்க ஊர்ல இருந்து தூரமில்லல்ல? அங்க மிஷனரியா இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மா 1931-ல இருட்டுல ஒரு குழியில விழுந்து கால் முறிஞ்சுது, அதுக்கப்புறம் 1951-ல கர்த்தர்கிட்ட போற வரைக்கும் கிட்டத்தட்ட 20 வருஷம் பெரும்பாலும் ஒரே ரூம்ல, கட்டில்லதான். அங்க படுத்துக்கிட்டேயும் நிறைய புத்தகம் எழுதினாங்க. நோயாளிகளுக்குன்னே ஒண்ணு எழுதினாங்க, நல்லா இருக்கிறவங்க எழுதுற ஆறுதல் படுக்கைல கிடக்கிறவங்களுக்கு ஒட்டுறதில்லங்கிறத அவங்களே அனுபவிச்சதால. வலிய வலின்னே சொன்னாங்க, தூக்கம் வராத ராத்திரிய மறைக்கல. அவங்க கல்லறைல கல்லு வைக்கல, பறவைங்க தண்ணி குடிக்க ஒரு தொட்டிதான் வச்சிருக்காங்க.

எங்கம்மா இறந்தப்ப நானும் 6 மாசம் கோயில்ல ஒரு பாட்டு பாடல. பாமாலைய திறந்து வச்சுக்கிட்டு சும்மா நிப்பேன், பக்கத்துல நின்ன பாட்டிம்மா சுருதி சேராம பாடுவாங்க, அத கேட்டுக்கிட்டு நிப்பேன், அவ்வளவுதான். அந்த நாள்ல என் விசுவாசத்த அந்த பாட்டிம்மாதான் சுமந்தாங்கன்னு இப்ப நினைக்கிறேன். நீயும் பாட முடியலன்னா நில்லு, நிக்க முடியலன்னா உக்காரு, ஆனா போறத விட்டுடாத. ஜெபத்துல அழகான வார்த்த தேடாத, 42-ம் சங்கீதத்த அப்படியே வாசி, "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்"னு தன்கிட்டயே கேக்குற ஆளோட ஜெபம் அது. உங்க வீட்டுக்காரர பத்தி ஒரு நல்ல விஷயத்த தினம் யார்கிட்டயாவது வாய்விட்டு சொல்லு, சொல்லும்போது சிரிப்பு வந்தா சிரிச்சிடு, அது அவருக்கு துரோகம் இல்ல. சாப்பாடு இறங்கல, வாரக்கணக்கா தூக்கமில்ல, ஏன் உயிரோட இருக்கோம்னு தோணுதுன்னா தள்ளிப்போடாம டாக்டர்ட்ட போம்மா, அது விசுவாசக் குறைவு இல்ல.

அந்த சங்கத்து அக்காகிட்ட கோவப்படாத, ரோமர் 12:15-ல அழுகிறவங்களோட அழுங்கன்னும் இருக்குன்னு மட்டும் அவங்க கைய பிடிச்சு சொல்லு.

கேள்வி: கன்வென்ஷன் ஜெபக்கூட்டத்துக்குப் போயிட்டு வந்தா ஒரு வாரம் பறக்கிற மாதிரி இருக்கு, அப்புறம் பழையபடி ஆயிடுது. நான் விசுவாசத்துல பின்வாங்கிட்டேனா அக்கா?
கல்லூரி மாணவன், கோவை

பதில்: தம்பி, எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலைல வானத்துல இருந்து அக்கினிய இறக்கி ஜெயிச்சாரு, அடுத்த அதிகாரத்துலயே சூரைச்செடிக்குக் கீழ போய் சாகணும்னு கேக்குறாரு. தூதன் வந்து திட்டல, பிரசங்கமும் பண்ணல, தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் கொடுத்தான், தூங்கி எழுந்ததும் திரும்பவும் எழுப்பி சாப்பிட வச்சான். நீ ஹாஸ்டல்ல எத்தன மணிக்குத் தூங்குற, காலைல சாப்பிடுறியா? அத எழுது முதல்ல, மத்தத அடுத்த இதழ்ல பேசுவோம்.