டெண்டரில் ஒரே விலை போட்டாலே கூட்டுச்சதியா (போட்டியாளர்கள் தமக்குள் பேசிவைத்து விலை போடுவதா)?

இல்லை, அது மட்டும் போதாது. "மூன்று கம்பெனியும் ஒரே விலை, இதற்கு மேல் என்ன ஆதாரம்?" என்று நீங்கள் எடுக்கும் வகுப்பில் அரசு வழக்கறிஞர்கள் மடக்கினால், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இரண்டை அருகருகே வையுங்கள்.

இந்திய உணவுக் கழகம் 2009-இல் தானியக் கிடங்குகளுக்கு அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வாங்க டெண்டர் விட்டது. மூன்று நிறுவனங்கள் போட்டதும் அதே 388 ரூபாய். உற்பத்திச் செலவோ ஆளுக்கு ஆள் வேறு. 2017-இல் கூட்டுச்சதி உறுதியானது. எரிவாயு சிலிண்டர் வழக்கில், 2018-இல், விலை ஒத்திருந்தும் சிலிண்டர் தயாரிப்பாளர்கள் தப்பித்தார்கள். வாங்குபவர்களே மூன்று எண்ணெய் நிறுவனங்கள்தான். விலை எங்கே நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வழக்கறிஞர்கள் குழம்புவது பெரும்பாலும் போட்டிச் சட்டத்தின் பிரிவு 3(3)-இல். அது சட்டமே செய்துகொள்ளும் ஓர் அனுமானம்; ஆனால் உடன்பாடு இருந்தால் போட்டி கெட்டது என்பதற்குத்தான் அது. உடன்பாட்டை நாம்தான் காட்ட வேண்டும்.

ஒரு கோப்பைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள்: அடுத்தடுத்த எண்ணில் டிடி (வங்கி வரைவோலை), ஒரே ஐபி முகவரி, மூன்றிலும் அதே எழுத்துப்பிழை. (எழுத்துப்பிழைதான் எனக்குப் பிடித்தது.)

அப்புறம், சட்டத்தின் 2023 திருத்தத்துக்குப் பிறகு, போட்டி ஆணையத்திடம் புகார் கொடுக்க 3 வருடக் கெடு உண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையம் ஏற்கலாம், ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம்.